35 கிலோவாட் பாய்லர் எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே தேவைதானா?

மாடிவீட்டுக்காரி

வீட்டையும் குளியல் நீரையும் சூடாக்கும் எங்கள் எரிவாயு பாய்லர் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறையாக நின்றுபோனதும், இனிப் பழுது பார்ப்பதில் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டோம். மூன்று படுக்கையறைகள், ஒரு குளியலறை, ஒன்பது ரேடியேட்டர்கள், குடும்பத்தில் நான்கு பேர். இப்போது இருப்பது பழைய முறை: பாய்லர் தனி, சுடுநீர் சிலிண்டர் தனி, பரணில் குளிர்நீர்த் தொட்டி ஒன்று.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர் வாசலிலேயே நின்று ரேடியேட்டர்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு, சிலிண்டரைக் கழற்றியெறிந்து வீட்டையும் குழாய் நீரையும் ஒரே பெட்டியில் சூடாக்கும் 35 கிலோவாட் காம்பி பாய்லர் வைத்துவிடலாம் என்றார். இரண்டாமவர் சிலிண்டரை வைத்துக்கொண்டு ரேடியேட்டர்களையும் சிலிண்டரையும் சூடாக்கும் 24 கிலோவாட் சிஸ்டம் பாய்லர் போதும் என்றார். ஏன் 35, ஏன் 24 என்று இருவரிடமும் கேட்டேன். ஒருவர் "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்றார், மற்றவர் "எல்லோருக்கும் இதைத்தான் வைக்கிறோம்" என்றார். அறைகளை அளக்க இருவருமே டேப்பை எடுக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடவேண்டிய கருவியை இப்படிக் குத்துமதிப்பாக வாங்க மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்

தங்கைக்கு, முப்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காம்பி பாய்லரின் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் கிலோவாட் எண் பெரும்பாலும் குழாய்த் தண்ணீருக்கானது, வீட்டைச் சூடாக்குவதற்கானது அன்று. காம்பியில் சேமிப்பு எதுவும் கிடையாது. நீங்கள் குழாயைத் திறந்த நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை அப்படியே சூடாக்கித் தரவேண்டும் என்பதால், அதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். குளிர்காலத்தில் 5 பாகை செல்சியஸில் வரும் தண்ணீரை 40 பாகைக்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தரும், 30 கிலோவாட் 12 லிட்டருக்குச் சற்று மேலே, 35 கிலோவாட் 14 லிட்டர். இந்த வேறுபாட்டுக்காகத்தான் அவர் பெரியதைச் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்த 14 லிட்டர் உங்கள் வீட்டுக் குழாயில் முதலில் வருகிறதா என்று யாராவது பார்த்தார்களா? தெருக் குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர்தான் தரும் என்றால், எவ்வளவு பெரிய பாய்லரை மாட்டினாலும் 12 லிட்டருக்குமேல் ஒரு சொட்டு வராது. ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து அளந்து பாருங்கள். பிறகு மாடியில் இன்னொரு குழாயையும் திறந்துவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். மாடிக் குழாய் பரண் தொட்டியிலிருந்து வருவதாக இல்லாமல் தெருக்குழாயிலிருந்து நேராக வருவதாக இருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

ஸ்பேனர் ஐயா குழாய்ப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

எளிய வழி எரிவாயு மீட்டர்தான். மிகவும் குளிரான ஒரு நாளில் காலை எட்டு மணிக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் 11 கிலோவாட் மணி என்று பெருக்கி, பழைய பாய்லரின் திறன் 75 விழுக்காடு என்பதால் அதில் முக்கால் பங்கை மட்டும் எடுத்து, சமையலுக்கும் குளியலுக்கும் போனதைத் தள்ளி, 24ஆல் வகுத்தால் அன்றைய சராசரித் தேவை கிலோவாட்டில் கிடைத்துவிடும். வெளியே அன்று எத்தனை பாகை என்பதையும் குறித்துக்கொண்டால், அதைவிடக் கடுங்குளிர் நாளுக்கு விகிதப்படி ஏற்றிக்கொள்ளலாம்.

மற்றொரு வழி அறை அறையாகக் கணக்கிடுவது. சுவரின் பரப்பை அதன் வெப்பக்கடத்து எண்ணாலும் (ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பது), உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கவேண்டும், அவ்வளவுதான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடத்தில் வெளிச்சுவர் 14 சதுர மீட்டர் என்றும், வெப்பக்காப்பு இல்லாத இரட்டைச் செங்கல் சுவருக்கு எண் 1.5 என்றும், உள்ளே 20 வெளியே கழித்தல் 3 ஆக வேறுபாடு 23 பாகை என்றும் வைத்துக்கொண்டால், சுவர் வழியாக 480 வாட் போகிறது. 3 சதுர மீட்டர் பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஏறத்தாழ 190 வாட். மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால் அதற்கு 360 வாட். தரை வழியாக ஓர் 200. கூட்டினால் 1,230 வாட். வீட்டின் மிகப் பெரிய அறைக்கே இவ்வளவுதான். இப்படி ஒன்பது அறைகளைக் கூட்டினாலும் 35 கிலோவாட் எங்கிருந்து வரும்?

காற்றுக்கான அந்த 360 வாட்டைக் கவனித்தீர்களா? ஜன்னலைவிட அது அதிகம். கதவிடுக்கை அடைப்பதை யாரும் பெரிய வேலையாகக் கருதுவதில்லை.

சுடுநீர்ப் பிரியன்

எல்லோரும் சேர்ந்து காம்பியைக் குறை சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான்காண்டுகளாக அதுதான் ஓடுகிறது. சிலிண்டர் இருந்த அலமாரி இப்போது துணி அடுக்கப் பயன்படுகிறது, பரணில் தொட்டி உறைந்துவிடுமோ என்ற கவலை இல்லை, மூன்றாவது ஆளுக்குச் சுடுநீர் தீர்ந்துவிட்டது என்ற சண்டையும் இல்லை. சும்மா நிற்கும்போதே நல்ல சிலிண்டர்கூட நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் மணி வெப்பத்தை இழக்கிறது. அதைக் கோடைக்காலத்தில் எதற்காக எரிக்கவேண்டும்? ஒரே குளியலறை உள்ள வீட்டுக்குக் காம்பிதான் இயல்பான தேர்வு என்பது என் கருத்து.

பழைய ஸ்பேனர்

உங்கள் வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பாத்திரம் துலக்கினால் என்ன ஆகிறது என்பதைமட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கடினநீர் உள்ள பகுதியாக இருந்தால், காம்பியின் உள்ளே குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தகட்டு வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் சுடுநீர் ஒருமுறை சூடாகவும் ஒருமுறை குளிர்ந்தும் வரத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பாய்லர் வாங்கும் எல்லோரும் மேலெல்லையைத்தான் கேட்கிறார்கள், கீழெல்லையை யாரும் கேட்பதில்லை. புதிய பாய்லர்கள் தீயைக் குறைத்தும் கூட்டியும் எரியக்கூடியவை, ஆனால் ஓர் அளவுக்குக்கீழே குறையமாட்டா. ஒரு பெரிய பாய்லர் 7 கிலோவாட்டுக்குக்கீழே இறங்காது என்றும், மிதமான குளிர்நாளில் உங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட்தான் வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அது பற்றிக்கொண்டு, மூன்று நிமிடத்தில் தண்ணீரைத் தேவைக்குமேல் சூடாக்கி, அணைந்து, சற்றுப் பொறுத்து மீண்டும் பற்றிக்கொள்ளும். நாள் முழுவதும் இதே கதைதான். ஒவ்வொரு முறை பற்றும்போதும் விசிறி முதலில் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, அதோடு கொஞ்சம் வெப்பமும் போகிறது. மின்விசிறி, பற்றவைப்பான், வால்வு என்று எல்லாமே இதனால்தான் விரைவில் தேய்கின்றன. எனவே விற்பனையாளரிடம் "வீட்டைச் சூடாக்கும்போது மிகக் குறைந்த அளவு எவ்வளவு கிலோவாட்?" என்று கேளுங்கள். விடை தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி

இரண்டு அளவைகளையும் எடுத்துவிட்டேன். 10 லிட்டர் வாளி சமையலறையில் 50 நொடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். மாடியில் கைகழுவும் குழாயையும் திறந்துவைத்தபோது அதே வாளி நிரம்ப 80 நொடி ஆனது. என் மகன் கடிகாரம் பிடித்தான், எனக்கு முழங்கை வரை நனைந்தது.

மீட்டர்க் கணக்கில், வெளியே சராசரி 1 பாகையாக இருந்த நாளில் 13 கனமீட்டர் ஓடியிருக்கிறது. 143 கிலோவாட் மணி, அதில் முக்கால் பங்கு 107, குளியலுக்கும் சமையலுக்கும் 12 கழித்தால் 95, 24ஆல் வகுத்தால் 4 கிலோவாட் என்று வருகிறது. கழித்தல் 3 பாகைக்கு ஏற்றினால் 4.8. நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன் என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை

தவறே இல்லை. காலையில் குளிர்ந்துகிடக்கும் வீட்டை விரைவாக ஏற்றுவதற்கென்று கொஞ்சம் கூடுதல் வைத்து 6 அல்லது 7 என்று கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு அதுவே தாராளம்.

பனிக்குழாய்

அடுப்பு ஊதுவதற்கு ஆலைத் துருத்தியா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் சொல்ல வந்தது வேறு. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் புதிய கண்டென்சிங் பாய்லர் எதை வாங்கினாலும், அதிலிருந்து வடியும் தண்ணீரின் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதை வேலை தொடங்குமுன்பே நின்று பாருங்கள். எங்களுக்குப் பொருத்தியவர், அருகிலேயே சமையலறைக் கழிவுக்குழாய் இருந்தும், சுவரைத் துளைத்து விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயை வெளியே விட்டு, நான்கு மீட்டர் தூரம் வடக்குச் சுவரோரமாக ஓட்டிக் கொண்டுபோய் மழைநீர்க்காலில் விட்டிருந்தார். முதல் கடுங்குளிர் இரவிலேயே அது உறைந்து அடைத்துக்கொண்டது. பாய்லருக்குள் தண்ணீர் தேங்கிக் களகளவென்று ஒலித்து, அதிகாலை ஐந்து மணிக்கு அணைந்துபோனது. என் கணவர் வெந்நீர்ப் பையைக் குழாயில் கட்டிக்கொண்டு பனியில் நின்ற காட்சியை மறக்கமுடியாது. கூடுமானவரை வீட்டுக்குள்ளேயே கழிவுக்குழாயில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே விட்டே ஆகவேண்டும் என்றால் தூரம் குறைவாகவும், விட்டம் குறைந்தது 32 மில்லிமீட்டராகவும், சரிவு சீராகவும், மேலே வெப்பக்காப்பு உறையும் இருக்கட்டும்.

பழைய ஸ்பேனர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் பாய்லரை எப்படி ஓட்டவேண்டும் என்பதும் தெரியும். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதை அப்படியே புகைக்குழாய் வழியே விட்டுவிட்டன, எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அதோடு போய்க்கொண்டிருந்தது. புதிய பாய்லர் அந்த ஆவியை உள்ளேயே குளிர்வித்து, மறைந்திருக்கும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீராக வெளியே விடுகிறது. அமிலம் என்பதால்தான் செம்புக் குழாய் கூடாது, பிளாஸ்டிக் குழாய்.

ஆனால் இது தானாக நடக்காது. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 55 பாகைக்குக்கீழே இருந்தால்தான் ஆவி நீராகும், இன்னும் குறைய இன்னும் நல்லது. பொருத்துபவர்களில் பலர் 75 அல்லது 80 பாகையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வீடு சூடாகிறது, வீட்டுக்காரர் மகிழ்கிறார், ஆனால் கண்டென்சிங் பாய்லருக்குக் கொடுத்த பணம் புகையாகப் போகிறது. வீட்டுக்கு வெளியே புகைக்குழாயில் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் அதைப் பழுது என்று சிலர் தொலைபேசியில் அழைப்பார்கள். உண்மையில் அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். எனவே பக்கத்து வீட்டு ஜன்னல் அருகே புகைக்குழாய் வராதவாறு இடம் பாருங்கள். இல்லாவிட்டால் உறவு கெட்டுவிடும்.

மாடிவீட்டுக்காரி

ஐயா, வெப்பநிலையைக் குறைத்தால் ரேடியேட்டர்கள் போதுமான சூட்டைத் தருமா? பிள்ளைகள் இருக்கும் வீடு, குளிரில் உட்காரவைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை

இதற்கும் கணக்கு உண்டு. ரேடியேட்டரின் பெயர்ப்பலகையில் போடும் வாட் அளவு ஈ.என். 442 என்ற ஐரோப்பியத் தரப்படி, தண்ணீர் 75இல் போய் 65இல் திரும்ப, அறை 20 பாகையில் இருக்கும்போது அளந்தது. அதாவது தண்ணீருக்கும் அறைக்கும் சராசரியாக 50 பாகை வேறுபாடு. இந்த வேறுபாடு 30 ஆகக் குறைந்தால் வெப்பம் ஏறத்தாழப் பாதிதான் வரும். நான் மேலே கணக்கிட்ட கூடத்தில் 1,800 வாட் ரேடியேட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். கடுங்குளிர் நாளில் 1,230 வாட் கிடைக்கச் சராசரி நீர் 57 பாகையில் இருந்தால் போதும், 62இல் போய் 53இல் திரும்பும். ஆண்டின் மிகக் கொடிய நாளிலும் பாய்லர் கண்டென்சிங் எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தேவை பாதியாக இருக்கும் சாதாரண நாளிலோ சராசரி 42 பாகையே போதுமானது. பழைய வீடுகளில் ரேடியேட்டர்களைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள் என்பதால் பெரும்பாலும் சூடு போதாமல் போகாது. ஓர் அறைக்குப் போதாவிட்டால் அந்த ஓர் அறையின் ரேடியேட்டரை மட்டும் இரட்டைத் தகடாக மாற்றுங்கள்.

சுடுநீர்ப் பிரியன்

இவ்வளவு குறைந்த வெப்பநிலையில் ஓடினால் போதும் என்றால், பாய்லரை விட்டுவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்ப்புக்கே போய்விடலாமே? ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தருகிறது.

கணக்குப்பிள்ளை

போகலாம், இடமும் கையிருப்பும் இருந்தால் யோசிக்கவேண்டியதுதான். குறைந்த வெப்பநிலையில் வீடு சூடாகிறது என்று இந்தக் குளிர்காலத்திலேயே சோதித்துவைத்தால், நாளை அதற்கு மாறும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சிலிண்டரைக் கழற்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், ஹீட் பம்ப்புக்குச் சிலிண்டருக்கான இடம் வேண்டும்.

பழைய ஸ்பேனர்

எண்களைப் பார்த்தபின் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருக்குழாய் 12 லிட்டர்தான் தருகிறது, இரண்டு குழாய் திறந்தால் பகிர்ந்துகொள்ளவேண்டும். ஆகவே 35 கிலோவாட் காம்பி வீண். பரண் தொட்டியும் சிலிண்டரும் கசிவில்லாமல் இருந்தால் வைத்துக்கொண்டு, கீழெல்லை 3 கிலோவாட்டுக்குமேல் போகாத சிறிய சிஸ்டம் பாய்லரை வாங்குங்கள். ஒரு நிபந்தனை உண்டு. சிலிண்டரில் லீஜியோனெல்லா நுண்ணுயிர் வளராதிருக்க நீரை 60 பாகையில் வைக்கவேண்டும், ரேடியேட்டர்களுக்கோ 50 சொச்சம் போதும். இரண்டுக்கும் வேறு வேறு வெப்பநிலையை ஏற்று, சுடுநீர் கேட்கும்போதுமட்டும் உயர்த்திக்கொள்ளும் கட்டுப்பாடு உள்ள பாய்லராகப் பார்த்து வாங்குங்கள். வெளியே ஓர் உணரியை வடக்குச் சுவரில் பொருத்தி, குளிருக்கேற்ப நீரின் வெப்பநிலையைத் தானாக மாற்றும் வசதியும் பெரும்பாலான பாய்லர்களில் உண்டு. அந்தச் சிறு பெட்டியை வேண்டாமென்று சொல்லும் பொருத்துநர்கள் பலர், கம்பி இழுக்கச் சோம்பல்.

பொருத்தும் நாளில் நீங்கள் வீட்டிலேயே இருங்கள். பழைய குழாய்களைக் கழுவாமல் புதிய பாய்லரை இணைக்க விடாதீர்கள். ரேடியேட்டர் உட்புறம் துருப்பிடித்து உண்டாகும் கருஞ்சேறு பாய்லரின் குறுகிய வழிகளில் போய் அடைந்துகொண்டால் ஒரே குளிர்காலத்தில் பம்ப் போய்விடும். ஏதாவது ஒரு ரேடியேட்டர் மேலே சூடாகவும் அடியில் நடுப்பகுதி குளிர்ந்தும் இருந்தால், அங்கே சேறு படிந்திருக்கிறது என்று பொருள். கழுவியபின் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி, நீரில் துருத்தடுப்பு மருந்து. பாய்லரிலோ தனியாகவோ, சூடேறி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக்கலன் இருக்கும், குளிர்ந்த நிலையில் அழுத்தமானி 1க்கும் 1.5 பாருக்கும் இடையே நிற்கவேண்டும், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டும். எரிவாயுக் குழாயின் விட்டத்தையும் கேளுங்கள், பழைய பாய்லருக்குப் போதுமான குழாய் புதியதற்குப் போதாமல் போகலாம். பாய்லர் முழுவீச்சில் எரியும்போது அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று கருவியால் அளந்து குறித்துத் தரச்சொல்லுங்கள். புகையின் பகுப்பாய்வு அளவும் அதே தாளில் இருக்கட்டும். எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவர்தானா என்று அட்டையைக் கேட்டுப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று பாய்லர் அறையில் கட்டாயம் வேண்டும்.

மாடிவீட்டுக்காரி

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். 12 கிலோவாட் சிஸ்டம் பாய்லர் பொருத்தியாயிற்று, கீழெல்லை இரண்டரை. அறைகளை அளந்து கணக்குப் போட்டுத் தந்த மூன்றாமவருக்கே வேலையைக் கொடுத்தோம். கழுவும்போது முதல் கால் மணி நேரம் குழாயிலிருந்து வந்தது தண்ணீர் என்று சொல்லவே முடியாது, மை போலக் கருத்து வந்தது. வாளியில் பிடித்து வைத்துக் காந்தத்தை நீட்டினார், கருஞ்சேறு முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வாளியை விட்டு நகரவில்லை. வடியும் நீர்க்குழாய் சமையலறைத் தொட்டியின்கீழே வீட்டுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, பனிக்குழாய் சகோதரிக்கு நன்றி.

இப்போது ரேடியேட்டர்களுக்கு 52 பாகையில் நீர் போகிறது, வீடு 20இல் அசையாமல் நிற்கிறது. முன்போலக் கை வைத்தால் சுடுவதில்லை, வெதுவெதுப்பாகவே இருப்பதால் முதல் இரண்டு நாள் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட்டோம். இரண்டு குறைகள் உள்ளன. மாடிக் கடைசி அறை ரேடியேட்டர் மற்றவற்றைப்போலச் சூடாகவில்லை, மேற்பகுதியில் சலசலவென்று ஒலி கேட்கிறது. அழுத்தமானியும் 1.4இல் இருந்து 1.0க்கு இறங்கியிருக்கிறது. கசிவாக இருக்குமோ?

பழைய ஸ்பேனர்

ஒலி கேட்பது காற்று. புது நீரில் கரைந்திருந்தது சூடேறப் பிரிந்து, உயரமான ரேடியேட்டரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு சிறு சாவியால் காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திறவுங்கள். உஸ் என்ற ஒலி நின்று தண்ணீர் வந்ததும் மூடிவிட்டு, நிரப்பும் குழாயால் அழுத்தத்தை 1.3க்கு ஏற்றுங்கள். பிறகும் அது சூடாகாவிட்டால், பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்களின் மறுமுனையில் மூடியிட்ட வால்வைச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசி அறைக்குத் தண்ணீர் போகச் செய்யுங்கள். ஒவ்வொரு திருகலுக்கும் அரை மணி பொறுக்கவேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

முதல் மாதத்தில் ஒன்றிரண்டு முறை அழுத்தம் இறங்குவது இயல்பு. மூன்றாவது முறையும் நிரப்ப நேர்ந்தால் நிறுத்திவிட்டு, பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை புதுநீர் ஏற்றும்போதும் அதோடு ஆக்சிஜன் உள்ளே போகிறது, துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகிறது. வாளியில் பார்த்த கருஞ்சேறு அப்படித்தான் உண்டானது.

மாடிவீட்டுக்காரி

காற்றைத் திறந்துவிட்டேன், ஐயா. துணியை நனைத்தபின் ரேடியேட்டர் மேல்விளிம்பு வரை சூடாகிவிட்டது. மானி 1.3இல் நிற்கிறது, அதன்கீழே தேதி குறித்த தாள் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறேன்.